டாம்பா விரிகுடா: நைட்ரஜனைப் பங்கு போட்டுக்கொண்ட ஊர்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மேற்குக் கரையில் இருக்கும் டாம்பா விரிகுடாவில் 1982இல் எஞ்சியிருந்த கடற்புல் ஏறத்தாழ 21,600 ஏக்கர். 2016இல் அது 41,600 ஏக்கரைத் தாண்டியது. 2022இல் 30,100 ஏக்கராகச் சரிந்தது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதற்கு ஏறிய கதையைக் கழிமுகப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் விரும்பிச் சொல்கிறார்கள். சொல்லத் தகுந்த கதைதான். மூன்றாவது எண்ணை இடையில் நேர்ந்த விபத்துபோலக் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏறியதற்குக் காரணம் உள்ளூர் அமைப்புகள் கூடிப் போட்ட ஒரு கணக்கு. இறங்கியதற்கான காரணங்களில் பல, அந்தக் கணக்கில் இடம்பெறாமல் போனவை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

பெயரில் விரிகுடா என்றிருந்தாலும் இது கழிமுகம். ஹில்ஸ்பரோ, அலஃபியா, லிட்டில் மானட்டி, மானட்டி ஆகிய நான்கு ஆறுகளின் நன்னீரும் மெக்சிகோ வளைகுடாவின் உப்புநீரும் இங்கே கலக்கின்றன. பரப்பு சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 12 அடிதான். கப்பல் போகும் வாய்க்காலை மட்டும் 43 அடிக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். ஆழம் குறைவு என்பதால் ஓரப் பகுதிகளில் வெயில் தரைவரை இறங்கும். அந்தத் தரையில்தான் கடற்புல் வளர்கிறது. அது பாசி இல்லை. வேரும் தண்டும் பூவும் உள்ள செடி. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. மானட்டி எனப்படும் கடற்பசு அதை மேய்ந்து வாழ்கிறது.

கரையைச் சுற்றி ஹில்ஸ்பரோ, பினெல்லஸ், மானட்டி என்று மூன்று கவுன்டிகள். கவுன்டி என்பது ஏறக்குறைய மாவட்டம், ஆனால் ஆட்சியர் கிடையாது; மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர் குழு ஆளும். டாம்பா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கிளியர்வாட்டர் ஆகியவை பெரிய நகரங்கள். 1950இல் மூன்று கவுன்டிகளிலும் சேர்ந்து நாலரை லட்சம் பேர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் 28 லட்சம். இவர்களோடு ஒரு பெரிய துறைமுகம், உள்நாட்டில் பாஸ்பேட் சுரங்கங்கள், அவற்றைச் சார்ந்த உர ஆலைகள், கரையோர மின்நிலையங்கள், ஆரஞ்சுத் தோப்புகள், காய்கறிப் பண்ணைகள். இத்தனை பேருக்கும் கழிவு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

நீர் கெட்ட விதம்

கெடுத்ததில் இரண்டு வகை உண்டு. முதலாவது, கடலையே நிலமாக்கியது. 1950களில் தரையைத் தோண்டி எடுத்த மண்ணைக் கரையோரம் கொட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் படகுத்துறை இருக்கும்படி மனைகளைப் போட்டார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு மேற்கேயுள்ள போக்கா சியேகா விரிகுடா இதில் தன் பரப்பில் கணிசமான பகுதியை இழந்தது. அதே இடத்தைப் பற்றிய ஒரு வழக்கில்தான், கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாவிட்டாலும் சூழலுக்குக் கேடு என்ற காரணத்துக்காகவே கடலை நிரப்ப அனுமதி மறுக்கலாம் என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று. நிரப்பிய நிலம் நிரப்பியதுதான், அது திரும்பவில்லை.

இரண்டாவது வகை நைட்ரஜன். டாம்பா நகரத்துக் கழிவுநீர் ஹூக்கர்ஸ் பாயின்ட் ஆலையில் கசடு மட்டும் வடிகட்டப்பட்டு, மேல்கோடியிலுள்ள ஹில்ஸ்பரோ விரிகுடாவில் விடப்பட்டது. நைட்ரஜன் அப்படியே போயிற்று. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்த நீரில் நைட்ரஜன்தான் நுண்பாசிக்கு உரம். பாஸ்பேட் வளம் மிகுந்த மண் என்பதால் பாஸ்பரஸுக்கு இங்கே பஞ்சமே இல்லை. நைட்ரஜன் வந்தால் போதும், பாசி பெருகிவிடும். பெருகிய பாசி வெயிலை மறைத்தது, புல் பட்டினியில் செத்தது. 1970களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 டன் நைட்ரஜன் விரிகுடாவுக்குள் வந்துகொண்டிருந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். பாதிக்கு மேல் ஆலைக் குழாய்கள் வழியாக வந்தது.

கரையில் பாசி ஒதுங்கி அழுகியது. நாற்றம் தாங்காமல் கரையோரக் குடியிருப்புகள் குரலெழுப்பின. 1972இல் மாநிலச் சட்டமன்றம், டாம்பா விரிகுடாவில் கழிவுநீர் விடும் எந்த ஆலையும் உயர்நிலைச் சுத்திகரிப்புச் செய்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் இருக்கக்கூடாது என்பது அதன் அளவுகோல். மத்திய அரசின் தூயநீர்ச் சட்டமும் அதே ஆண்டுதான். அதோடு வந்த மானியத்தில் டாம்பாவின் ஆலை புதுப்பிக்கப்பட்டு 1979இல் இயங்கத் தொடங்கியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வேறு வழியில் போயிற்று. சுத்திகரித்த நீரைத் தனிக் குழாய்களில் திருப்பி அனுப்பிப் புல்வெளிகளுக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டை 1977இல் தொடங்கியது.

ஆலை மாறியதும் நீர் தெளிந்துவிடவில்லை. சில ஆண்டுகள் பிடித்தன. 1980களின் நடுவில்தான் பாசி குறையத் தொடங்கியது, அதன் பின்னால் புல் மெல்லத் தலைகாட்டியது.

இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. டாம்பா வெற்றிக்கு உள்ளூர் ஒத்துழைப்பே காரணம் என்று பாடம் சொல்கிறவர்கள் இந்த முதல் பத்தாண்டுகளை விட்டுவிடுகிறார்கள். மிகப் பெரிய வெட்டு, சட்டத்தாலும் மத்திய அரசுப் பணத்தாலும் விழுந்தது. உள்ளூர் அமைப்புகள் கூடி உட்கார்ந்தபோது எளிய வேலை முடிந்திருந்தது. அவர்களுக்கு வாய்த்தது கடினமான மிச்சம்: குழாயில்லாமல், தெருவிலிருந்தும் வயலிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் நைட்ரஜன்.

அதிகாரமில்லாத அலுவலகம்

1982இல் விரிகுடாவைப் பற்றி அறிந்த விஞ்ஞானிகள் கூடி, தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் வைத்தார்கள். 1985இல் வட்டாரத் திட்டக் குழு, விரிகுடா மேலாண்மைக்கென ஒரு மன்றத்தை ஏற்படுத்தியது. மீனவர், துறைமுகம், ஆலை, அரசுத் துறை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ள முதலில் கிடைத்த இடம் அதுதான். 1987இல் தூயநீர்ச் சட்டத்தில் செய்த திருத்தம் தேசியக் கழிமுகத் திட்டத்தை உருவாக்கியது. இன்று நாடு முழுவதும் 28 கழிமுகங்கள் அதில் இருக்கின்றன. டாம்பா விரிகுடா கழிமுகத் திட்டம் 1991இல் தொடங்கியது.

இந்தத் திட்ட அலுவலகத்துக்கு அபராதம் விதிக்க அதிகாரமில்லை. உரிமம் கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. சுற்றியுள்ள கவுன்டிகள், மூன்று நகரங்கள், மாநிலச் சுற்றுச்சூழல் துறை, தென்மேற்குப் புளோரிடா நீர் மேலாண்மை மாவட்டம் என்ற வட்டார நீர் அமைப்பு, மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆகியவை இதன் தூண்கள். தேர்தலில் வென்றவர்கள் கொள்கைக் குழுவில் இருப்பார்கள். துறை அதிகாரிகள் மேலாண்மைக் குழுவில். விஞ்ஞானிகளுக்கும் குடிமக்களுக்கும் தனித்தனிக் குழுக்கள். மத்திய மானியத்தோடு உறுப்பு ஊராட்சிகளும், அதாவது கவுன்டிகளும் நகரங்களும், ஆண்டுதோறும் பணம் கட்டுகின்றன. கட்டுவதால்தான் கேள்வி கேட்கிறார்கள். கேட்பதால்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள்.

ஆணை பிறப்பிக்க முடியாத அலுவலகத்துக்கு ஒரே ஒரு கருவிதான் உண்டு, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண். அந்த எண்ணை உருவாக்கியதில்தான் இவர்களுடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

பின்னோக்கிப் போட்ட கணக்கு

வழக்கமாக நீரைத் தூய்மைப்படுத்தும் திட்டங்கள் குழாயில் தொடங்கும். இவ்வளவுக்கு மேல் விடாதே என்று ஓர் அளவைப் போட்டுவிட்டு, நீர் சரியாகிறதா என்று பார்ப்பார்கள். டாம்பாவில் மறுமுனையிலிருந்து தொடங்கினார்கள். எவ்வளவு கடற்புல் வேண்டும்? இதுதான் முதல் கேள்வி.

1950 வாக்கில் எடுத்த வான்வழிப் படங்கள் இருந்தன. அவற்றிலிருந்து அன்றைய புல்பரப்பை அளந்தார்கள். திரும்பப் பெற முடியாதபடி தோண்டியும் நிரப்பியும் விட்ட இடங்களைக் கழித்தார்கள். 38,000 ஏக்கர் என்ற இலக்கு வந்தது. இனி, அந்தப் புல் அன்று எவ்வளவு ஆழம்வரை வளர்ந்திருந்தது? பகுதியைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டரை மீட்டர். அந்த ஆழத்தில் ஆமைப்புல் என்ற இனம் உயிர்வாழ எவ்வளவு ஒளி வேண்டும்? நீர்ப்பரப்பில் விழும் ஒளியில் சுமார் 20.5 விழுக்காடு. அவ்வளவு ஒளி இறங்க வேண்டுமானால் நீரில் நுண்பாசி எவ்வளவுதான் இருக்கலாம்? அதைப் பச்சையத்தின் அளவாகச் சொன்னார்கள். ஹில்ஸ்பரோ விரிகுடாவில் லிட்டருக்கு 13.2 மைக்ரோகிராம், வடமேற்கு மூலையிலுள்ள ‘பழைய டாம்பா விரிகுடா’ என்ற பகுதியில் 8.5, நடு விரிகுடாவில் 7.4, கடலை ஒட்டிய கீழ் விரிகுடாவில் 4.6. கடைசியாக, பாசி அந்த அளவுக்குள் நிற்க எத்தனை டன் நைட்ரஜன் வரலாம்?

விடை அவர்களுக்கே வியப்பாக இருந்திருக்கும். 1992 முதல் 1994 வரை வந்துகொண்டிருந்த அளவு போதும். அதைவிடக் குறைக்கத் தேவையில்லை, கூடாமல் பார்த்துக்கொண்டால் புல் தானாகத் திரும்பிவிடும் என்று தெரிந்தது. அந்த அளவு 1970களில் வந்ததில் பாதிக்கும் குறைவு. ஆனால் ஊர் பெருகிக்கொண்டிருந்தது. புது வீடு, புதுச் சாலை, புது மின்தேவை என்று ஆண்டுக்கு ஏறத்தாழ 17 டன் நைட்ரஜன் கூடுதலாக வரும் என்று மதிப்பிட்டார்கள். ஆகவே ஆண்டுக்கு 17 டன்னை எங்கிருந்தாவது குறைக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு 84 டன்.

அதிகாரிகளும் ஆலைக்காரர்களும் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதற்கு அதன் தொடக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘நைட்ரஜன்’ என்று ஆரம்பித்திருந்தால் உர நிறுவனம் வழக்கறிஞரை அனுப்பியிருக்கும். கடற்புல் வேண்டாம் என்று சபையில் எழுந்து சொல்ல யாருக்கும் வாய் வராது. புல்லுக்குத் தலையாட்டியவர்கள் ஒளிக்கும் பாசிக்கும் தலையாட்டி, கடைசியில் தங்கள் பங்கு டன்னுக்கும் தலையாட்டியாக வேண்டியதாயிற்று.

பங்கு பிரித்தது

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோல 17 டன்னையும் பிரித்தார்கள். மழைநீர் வடிகால்கள் வழியாக வரும் 6 டன்னுக்கு ஊராட்சிகள் பொறுப்பு. காற்றிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வரும் 11 டன்னுக்கு யார் பொறுப்பு? அதற்காகவே 1996இல் நைட்ரஜன் மேலாண்மைக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஊராட்சிகளோடு மின்நிறுவனம், உர நிறுவனங்கள், விவசாயிகள், துறைமுகம் எனத் தனியாரும் பொதுத்துறையும் கலந்து நாற்பதுக்கு மேற்பட்ட பங்காளிகள் அதில் சேர்ந்தார்கள்.

1998இல் அரசு அமைப்புகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்புக்கொண்ட இலக்கை எட்டுவதற்கு ஒவ்வொருவரும் கட்டுப்பட்டவர்கள். எந்த வழியில் எட்டுவது என்பது அவரவர் விருப்பம். ஒரு நகரம் மழைநீரைத் தேக்கி வடிக்கும் குளம் வெட்டலாம். தோட்டக்காரர் வேரடியில் மட்டும் நீர் தெளிக்கும் முறைக்கு மாறி உரத்தை மிச்சப்படுத்தலாம். துறைமுகத்தில் உரம் ஏற்றும் நிறுவனம், கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவில் சிந்தித் தண்ணீரில் விழுவதைத் தடுக்கலாம். இப்படிக் கட்டுப்பட ஒப்புக்கொண்டதற்கு ஈடாக, ஒழுங்குபடுத்தும் துறைகள் உரிமம் தரும்போது நெகிழ்வு காட்ட ஒப்புக்கொண்டன.

ஆலைகள் நல்லெண்ணத்தால் மட்டும் வந்து சேர்ந்தன என்று சொல்வதற்கில்லை. தூயநீர்ச் சட்டத்தின்படி மாசுபட்ட நீர்நிலைக்கு அரசு மொத்த உச்ச அளவை நிர்ணயித்து, ஒவ்வொரு உரிமத்திலும் அதை நுழைக்க வேண்டும். தலைநகரிலிருந்து வரும் எண்ணைவிடத் தாங்களே மேசையில் பேசி முடிக்கும் எண் மேல் என்று தோன்றியிருக்கும். கதவுக்கு வெளியே சட்டம் நின்றதால்தான் உள்ளே பேச்சு நடந்தது.

முதல் ஐந்தாண்டிலேயே 84 டன் இலக்கைத் தாண்டிவிட்டார்கள். நடுவில் ஒரு சறுக்கல்: 1997-98 எல் நினோ மழையில் ஆறுகள் பெருகி, நைட்ரஜனையும் கலங்கலையும் கொண்டுவந்து கொட்டியதில் சுமார் 2,000 ஏக்கர் புல் போயிற்று. கூட்டமைப்பு குலையவில்லை, அடுத்த ஆண்டுகளில் புல் திரும்ப ஏறியது.

உண்மையான சோதனை பத்தாண்டு கழித்து வந்தது. தாமாக முன்வந்து கொடுத்த வாக்குறுதிகள் போதாது, மொத்த உச்ச அளவை ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து உரிமங்களில் எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்தது. நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் பிரிக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். கூட்டமைப்பு தானே பிரிக்க முன்வந்தது. 2003 முதல் 2007 வரை அவரவர் விட்ட அளவை அடிப்படையாக வைத்து, 189 மூலங்களுக்கும் பங்கு எழுதி 2009இல் மாநிலத்திடம் கொடுத்தது. மறு ஆண்டு இறுதியில் மாநிலம் ஏற்றுக்கொண்டது. புதிதாக ஓர் ஆலை வர வேண்டுமானால், அது விடப்போகும் நைட்ரஜனுக்கு ஈடாக வேறெங்காவது குறைத்துக் காட்ட வேண்டும்.

189 மூலங்களின் பங்கையும் அவற்றுக்குப் பொறுப்பானவர்களே எழுதிக் கையெழுத்திட்டது சாதாரணக் காரியமல்ல. இதன் பின்னணியில் அலுப்பூட்டும் ஒரு வேலை இருந்தது. ஹில்ஸ்பரோ கவுன்டியின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் 1970களின் தொடக்கத்திலிருந்து மாதந்தோறும் விரிகுடாவில் நீர் மாதிரி எடுத்துவருகிறது. நீர் மேலாண்மை மாவட்டம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வான்வழிப் படம் எடுத்துப் புல்லை அளக்கிறது. ஆண்டு முடிந்ததும் பகுதிவாரியாக ஒரு பட்டியல் வெளியாகும்: இலக்கை எட்டியிருந்தால் பச்சை, தவறத் தொடங்கினால் மஞ்சள், தொடர்ந்து தவறினால் சிவப்பு. அரசியல்வாதிக்கு அறிக்கை படிக்க நேரமிருக்காது. நிறம் பார்க்க நேரமிருக்கும். யார் அளந்தது என்ற சண்டை இங்கே எழாததற்கு அரை நூற்றாண்டு மாதிரிகள்தான் காரணம்.

கணக்குக்கு உதவிய வெளியாட்கள்

காற்று வழியாக வந்து விழும் நைட்ரஜன் இங்கே சிறிய பங்கல்ல. மின்நிலையப் புகையும் வாகனப் புகையும் மழையோடு நீரில் இறங்கும். டாம்பா மின்நிறுவனத்தின் கேனன் நிலையம் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறி, 2003-04இல் பேசைட் என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. புகையில் நைட்ரஜன் பெரிதும் குறைந்தது. இதையும் கூட்டமைப்பின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். ஆனால் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தூயகாற்றுச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த நடவடிக்கையும் அதன் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியதால் மட்டும் வந்ததல்ல.

வீட்டுப் புல்வெளி உரம் வேறு மாதிரியான சிக்கல். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மழைக்காலம். அப்போது போடும் உரம் செடிக்குச் சேராமல் வடிகாலுக்குப் போகும். பினெல்லஸ் கவுன்டி 2010இல், ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நைட்ரஜன் உரத்தைப் போடவும் விற்கவும் தடை விதித்தது. டாம்பா நகரமும் மானட்டி கவுன்டியும் கோடைத் தடையை ஏற்றன. ஹில்ஸ்பரோ கவுன்டி அப்போது ஏற்கவில்லை. ஒரே விரிகுடா, ஒரே ஒப்பந்தம், ஆனால் கவுன்டி எல்லையைத் தாண்டினால் உர மூட்டை வாங்க முடிந்தது. 2023இல் மாநிலச் சட்டமன்றம், ஊராட்சிகள் புதிதாக இப்படித் தடை விதிப்பதை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. உள்ளூர் அமைப்புகள் எவ்வளவு கூடிப் பேசினாலும் மேலேயிருக்கும் ஒரு வரி அதை முடக்கிவிடலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தன்னார்வலர்கள் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொஞ்சமாக. 1993இல் தொடங்கிய டாம்பா பே வாட்ச் அமைப்பு, பள்ளிகளில் சதுப்புப்புல் நாற்றங்கால் வைத்து மாணவர்களை வளர்க்கச் செய்து, அவர்கள் கையாலேயே கரையில் நடவைத்தது. சிப்பி ஒட்டி வளரச் சிமென்ட் கூடுகளைக் கரையோரம் இறக்கியது. மாநிலம் வெளியிடும் சிறப்பு வாகனப் பலகைகளில் டாம்பா கழிமுகத்துக்கென ஒன்று உண்டு. அதில் டார்பன் மீன் படம் இருக்கும். அதை வாங்க வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கட்டும் பணம் சிறு அமைப்புகளுக்கு நல்கையாகப் போகிறது. டன் கணக்கில் பார்த்தால் இவை பெரிதல்ல. ஆனால் ஆணையர் கூட்டத்தில் வடிகால் வரியை உயர்த்தும் தீர்மானம் வரும்போது ஆதரித்துப் பேச எழுகிறவர்கள் இங்கிருந்துதான் வருகிறார்கள்.

கையெழுத்திட ஆளில்லாத ஆலை

மானட்டி துறைமுகத்துக்கு அருகில் பைனி பாயின்ட் என்ற பழைய பாஸ்பேட் உர ஆலை இருக்கிறது. அதன் உரிமையாளர் 2001இல் திவாலாகிவிட்டுப் போனார். ஆலை நின்றது, அதன் கழிவான பாஸ்போஜிப்சம் மலைகளும், அவற்றின் உச்சியில் அமிலம் கலந்த நீர்த்தேக்கங்களும் நின்றன. மாநிலம் சில காலம் பார்த்துக்கொண்டது. 2006இல் தனியார் நிறுவனம் ஒன்று வாங்கியது. துறைமுகத்தை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணும் கடல்நீரும் அந்தத் தேக்கத்தில் சேர்க்கப்பட்டன. 2011இல் ஒருமுறை கசிந்தது.

2021 மார்ச் இறுதியில் மறுபடி கசிந்தது. தேக்கம் உடைந்து ஊருக்குள் பாயும் அபாயம் இருந்ததால் அருகிலிருந்த வீடுகளைக் காலி செய்தார்கள். ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். உடையாமலிருக்க நீரைத் துறைமுகம் வழியாக விரிகுடாவுக்குத் திறந்துவிட்டார்கள். மார்ச் 30 முதல் ஏப்ரல் 9 வரை சுமார் 81 கோடி லிட்டர். அதில் 186 மெட்ரிக் டன் நைட்ரஜன் இருந்தது. கீழ் விரிகுடாவுக்கு ஓராண்டு முழுவதும் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அளவைவிட அதிகம், சில நாட்களில். ஆண்டுக்கு 17 டன்னைச் சேமிக்க நூற்றுக்கணக்கானோர் கால் நூற்றாண்டு உழைத்த இடம் அது.

அந்தக் கோடையில் நச்சு நுண்பாசி பெருகிக் கடல் செந்நிறமாயிற்று. பினெல்லஸ் கரையில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் செத்த மீனையும் பிற உயிர்களையும் அள்ளினார்கள். அந்தப் பாசி புளோரிடாக் கரைக்குப் புதிதல்ல. ஆலைக் கழிவு இல்லாத ஆண்டுகளிலும் வளைகுடாவிலிருந்து உள்ளே வரும். ஆனால் விரிகுடாவின் நடுவரை ஏறி அவ்வளவு காலம் தங்கியதற்கு அந்த நைட்ரஜன் தீனி போட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

இதைத் தடுக்கக் கூட்டமைப்பால் முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பங்கு பிரிக்கும் ஏற்பாட்டுக்குப் பங்கை ஏற்றுக்கொண்டு நாளைக்கும் இருக்கப்போகிற ஆள் வேண்டும். இயங்கும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், பெயர் கெடக்கூடாது, அதனால் கணக்குக் காட்டும். கைவிடப்பட்ட கழிவுமலைக்கு அப்படி எந்தக் கவலையும் கிடையாது. அதைக் கண்காணிக்கும் அதிகாரமும் கடமையும் மாநிலத்துக்கு இருந்தது. இருபது ஆண்டுகள் அது ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தது. கசிவுக்குப் பின்தான் நீதிமன்றம் வழியாகப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டு ஆலையை நிரந்தரமாக மூடும் வேலை தொடங்கியது. மிச்ச நீரை ஆழ்கிணற்றில் செலுத்தத் தொடங்கியது 2023இல்.

ஆனால் கசிந்த அன்று கூட்டமைப்பின் பழக்கம் கைகொடுத்தது. கவுன்டிகளும் மாநிலத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் எங்கே யார் மாதிரி எடுப்பது என்று பிரித்துக்கொண்டன. கழிமுகத் திட்ட அலுவலகம் அளவுகளை ஒன்றுசேர்த்துப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டது. ஒருவரையொருவர் பல ஆண்டுகளாகத் தெரிந்தவர்கள் என்பதால் சில நாட்களில் அதைச் செய்ய முடிந்தது.

இலக்கை எட்டியும் புல்லை இழந்த பகுதி

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: 2022இன் சரிவை முழுக்கப் பைனி பாயின்ட் மேல் போட முடியாது. 2020இலேயே புல் 34,300 ஏக்கராக இறங்கிவிட்டது, அதாவது கசிவுக்கு முன்பே இலக்குக்குக் கீழே. அதிகம் இழந்தது கசிவு நடந்த கீழ் விரிகுடா அல்ல. வடமேற்கு மூலையிலுள்ள பழைய டாம்பா விரிகுடா.

அந்தப் பகுதிக்கு ஆண்டு உச்சம் 486 டன் நைட்ரஜன். பெரும்பாலான ஆண்டுகளில் அதற்குள்தான் வந்தது. இருந்தும் கோடைதோறும் பைரோடினியம் என்ற நுண்பாசி பெருகி நீரை மறைக்கிறது. அதன் விதைகள் சேற்றில் உறங்கிக் கிடந்து, வெப்பம் கூடியதும் விழிக்கின்றன. பாலங்களுக்காகக் குறுக்கே போட்ட மண்கரைகள் நீரோட்டத்தைத் தடுப்பதால் உள்ளே வந்தது எளிதில் வெளியேறுவதில்லை. 1934இல் கட்டிய கோர்ட்னி கேம்பல் மண்கரையை 2018இல் ஓரிடத்தில் வெட்டிப் பாலம் போட்டார்கள். அந்த மூலையில் நீர் மாறியது. பருவமழையின் போக்கும் நீரின் வெப்பமும் 1990களில் இருந்ததைப்போல இல்லை. புல், ஒளி, பாசி, நைட்ரஜன் என்று ஒரே சங்கிலியாகப் போட்ட கணக்கு இந்தப் பகுதியில் கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

பழைய குழாய்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. நீரை மறுபயன்பாட்டுக்கு அனுப்பிப் பெயர் வாங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 2015இல் ஒரு சுத்திகரிப்பு ஆலையை மூடியது. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் பெருமழையில் கழிவுநீர் பொங்கி விரிகுடாவுக்குள் போயிற்று. 2024 செப்டம்பரில் ஹெலீன், அக்டோபரில் மில்டன் என்று இரண்டு புயல்கள் இரண்டு வாரத்துக்குள் வந்தன. மில்டன் அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை. அவ்வளவு நீரையும் வாங்கும் கழிவுநீர்க் குழாய் அந்த ஊரில் இல்லை.

இப்போது மேசையில் கிடப்பது கசப்பான கேள்வி. 486 டன் அதிகம், அதைக் குறைக்க வேண்டும் என்று முடிவானால், ஹில்ஸ்பரோவும் பினெல்லஸும் அவற்றின் நகரங்களும் கையெழுத்திட்ட பங்கிலிருந்து இன்னும் விட்டுக்கொடுக்க வேண்டும். கழிவுநீர் ஆலைகள் ஏற்கெனவே 3 மில்லிகிராம் அளவுக்குச் சுத்திகரிக்கின்றன. கேனன் நிலையம் எரிவாயுவுக்கு மாறிவிட்டது. துறைமுகத்தில் சிந்துவதை அடைத்தாயிற்று. குறைக்க மீதமிருப்பது பெரும்பாலும் மழைநீர்தான். 1970களுக்கு முன் கட்டிய குடியிருப்புகளில் தேக்கும் குளமே இல்லாமல் தெருநீர் நேரே விரிகுடாவுக்குப் போகிறது. அங்கே குளம் வெட்ட இடம் வாங்க வேண்டுமானால் கடலோர மனை விலைக்கு வாங்க வேண்டும். அந்தப் பணத்தை எந்த வரியில் சேர்ப்பது என்பதை அடுத்த பங்கீட்டுக்குள் இரண்டு கவுன்டி ஆணையர்களும் முடிவு செய்தாக வேண்டும்.